அறிவியல் முறையில் யோசிக்கப் பழகுவது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அறிவியல் என்றதும் பாடப்புத்தகத் தகவல்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும்: ஒளியின் வேகம், தனிம வரிசை அட்டவணை, செல்லின் படம். இவை விளைச்சல். விதைத்து அறுத்த முறை வேறு. அதைத் தனியாகப் பழக வேண்டும். ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒன்றரை மீட்டர் நூல், ஒரே அளவில் மூடியுள்ள இரண்டு சின்ன பாட்டில்கள், அடிக்கோல், ஸ்டாப்வாட்ச் உள்ள செல்பேசி, ஒரு நோட்டு, ஒரு பேனா இருந்தால் ஒரு வாரத்தில் அடிப்படை கைவரும்.

அந்த முறையின் உயிர்நாடியை முதலிலேயே சொல்லிவிடலாம். நாம் நினைப்பது தவறாக இருந்தால், அது தவறு என்று இயற்கை சொல்வதற்கு ஒரு வாய்ப்பை நாமே ஏற்படுத்தித் தர வேண்டும். சரி என்று காட்டும் சான்றைத் தேடிப் போனால் எந்த எண்ணத்துக்கும் பத்துச் சான்று கிடைக்கும். அதனால் அந்தத் தேடலுக்கு மதிப்புக் குறைவு. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வாய்ப்பை உருவாக்குவதற்கான கருவிகளே. பிற்பகுதியில் அறிவியலின் துறைகளைப் பார்ப்போம். அங்கும் இதே கேள்விதான்: இந்தத் துறையில் ஒரு கருத்து தவறு என்று எப்படித் தெரியவரும்?

படி 1: கேள்வியை அளக்கக்கூடியதாக்குங்கள்

“இசை கேட்டால் செடி நன்றாக வளருமா?” என்ற கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. நன்றாக என்றால் உயரமா, இலைகளின் எண்ணிக்கையா, பூக்கும் நாளா? எந்த ஒலி, எவ்வளவு நேரம்? செதுக்கிய பிறகு அது இப்படி இருக்கும்: “ஒரே வகை விதை ஊன்றிய 20 தொட்டிகளில் 10-க்கு மட்டும் தினமும் 2 மணி நேரம் ஒலி கேட்கச் செய்தால், 21-ஆம் நாளில் அவற்றின் சராசரி உயரம் மற்ற 10-இன் சராசரியிலிருந்து வேறுபடுமா?” நீளமான கேள்விதான், ஆனால் இதற்கு விடை உண்டு.

கேள்வி தயாரா என்று பார்க்க, அதை இன்னொருவர் கையில் கொடுங்கள். எதை அளப்பது, எப்போது அளப்பது என்று உங்களிடம் திரும்பக் கேட்காமலே அவரால் வேலையைத் தொடங்க முடிந்தால் தயார்.

எவ்வளவு செதுக்கினாலும் அளவுக்குள் வராத கேள்விகளும் உண்டு. “இந்தத் தண்டனை நியாயமா?” என்பதை அறிவியல் தீர்க்காது. “இந்தத் தண்டனை நடைமுறைக்கு வந்த பிறகு அந்தக் குற்றம் குறைந்ததா?” என்பதைத் தீர்க்க முயலலாம். பெரிய விவாதங்களில் இந்த இரண்டும் பின்னிக் கிடக்கும். முதல் வேலை பிரித்து எடுப்பது.

படி 2: ஊகத்தையும், அது பொய்க்கும் இடத்தையும் முன்கூட்டியே எழுதுங்கள்

சோதிக்கத்தக்க ஊகத்தைக் கருதுகோள் என்கிறோம். நோட்டில் தேதி போட்டு ஊகத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி: “எது நடந்தால் என் ஊகம் தவறு?” இந்த இரண்டாவது வரியை எழுத முடியவில்லை என்றால் சோதனைக்குள் இறங்காதீர்கள். எது நடந்தாலும் ஒத்துப்போகும் ஊகம் எதையும் சொல்லவில்லை என்றே பொருள்.

முடிவைப் பார்த்த பிறகு எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். நிறையக் குறையும். விடை தெரிந்ததும் “இதைத்தான் நானும் நினைத்தேன்” என்று மனம் தன் பழைய நினைவையே திருத்திக்கொள்ளும். தேதியிட்ட வரி அதற்கு இடம் தராது.

ஊகங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போவதற்கு மருத்துவ வரலாற்றில் ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. 1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. மருத்துவர்களும் மாணவர்களும் பணியாற்றிய முதல் பிரிவில், மருத்துவச்சிகள் பணியாற்றிய இரண்டாம் பிரிவைவிட மிக அதிகமான தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலால் இறந்தார்கள். அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் காரணம் தேடினார். கெட்ட காற்றா? இரண்டு பிரிவுக்கும் ஒரே காற்றுதான். நெரிசலா? இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம். மணியடித்தபடி வரும் பாதிரியாரைக் கண்டு ஏற்படும் அச்சமா? அவர் வரும் வழியை மாற்றினார்கள், சாவு குறையவில்லை. பிரசவிக்கும்போது படுக்கும் நிலையா? அதையும் மாற்றிப் பார்த்தார்கள், பலனில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பரான மருத்துவர் ஒருவர், பிணக்கூறாய்வின்போது கத்தி பட்டுக் காயமடைந்து, அதே காய்ச்சலின் அறிகுறிகளோடு இறந்தார். அப்போதுதான் புது ஊகம் பிறந்தது: முதல் பிரிவின் மருத்துவர்களும் மாணவர்களும் பிணக்கூறாய்வு செய்துவிட்டு வருகிறார்கள்; பிணத்தைத் தொட்ட அவர்களுடைய கைகள் எதையோ கடத்துகின்றன. அப்படியானால் கைகளைக் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கழுவினால் சாவு குறைய வேண்டும். குறையவில்லை என்றால் இந்த ஊகமும் தவறு. மே மாதம் கழுவத் தொடங்கினார்கள். ஏப்ரலில் 18.3 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் 2.2 சதவீதமாக இறங்கியது. கிருமிகளைப் பற்றிய கோட்பாடு அப்போது நிலைபெற்றிருக்கவில்லை. “எது” கடத்தப்படுகிறது என்று தெரியாமலே “எப்படி” என்பதைப் பிடித்துவிட்டார். காரணத்தின் முழு விளக்கம் கையில் இல்லாவிட்டாலும் சோதிக்க முடியும் என்பதைப் புதியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஊகங்கள் பிரியும் இடத்தைத் தேடுங்கள், ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

இரண்டு ஊகங்கள் ஒரே விளைவைச் சொல்லும் இடத்தில் சோதனை செய்து பயனில்லை. கடல் ஏன் நீலமாக இருக்கிறது? வானத்தின் நீலம் பிரதிபலிக்கிறது என்பது அன்று நிலவிய விளக்கம். நீரே ஒளியைச் சிதறடித்து அந்த நிறத்தைத் தருகிறதோ என்பது மற்றொன்று. கரையில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. 1921-இல் கப்பல் பயணத்தில் சி. வி. ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தைக் கண்ணருகே வைத்து, நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை வெட்டிவிட்டுப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு என்றால் நீலம் மங்க வேண்டும். மங்கவில்லை. கையடக்கமான ஒரு கருவியைக் கொண்டு இரண்டு விளக்கங்களைப் பிரித்துவிட்டார்.

பிரியும் இடம் கிடைத்ததும், அங்கே ஒன்றே ஒன்று மட்டும் மாற வேண்டும். மற்றவை எல்லாம் அப்படியே நிற்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று, மாற்றம் எதுவும் செய்யாத ஒரு தொகுதியும் தேவை. இதைக் கட்டுப்பாட்டுத் தொகுதி என்பார்கள்.

இதில் எப்படி வழுக்கும் என்பதை 1668-இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி செய்த சோதனை காட்டுகிறது. இறைச்சியில் புழுக்கள் தாமாகவே பிறக்கின்றன என்று அன்று நம்பினார்கள். ஈக்கள் இடும் முட்டையிலிருந்து வருகின்றன என்பது ரெடியின் ஊகம். சில ஜாடிகளைத் திறந்து வைத்தார், சிலவற்றை இறுக மூடினார். திறந்தவற்றில் புழு வைத்தது, மூடியவற்றில் இல்லை. இதோடு நிறுத்தியிருந்தால் எதிர்த்தரப்பு சொல்ல ஒரு வழி இருந்தது: மூடியதால் ஈ மட்டுமா தடைபட்டது? காற்றும்தானே? மாறியவை இரண்டு. ஆகவே மெல்லிய துணி கட்டிய ஜாடிகளையும் வைத்தார். காற்று போகும், ஈ போகாது. அந்த இறைச்சியிலும் புழு வைக்கவில்லை. அந்தத் துணி கட்டிய ஜாடிதான் சோதனையை உண்மையான சோதனையாக்கியது. உங்கள் ஏற்பாட்டை வரைந்துகொண்டு, “நான் மாற்றியதோடு கூடவே எது மாறிவிட்டது?” என்று கேளுங்கள். செடிச் சோதனையில் என்றால் ஒலிபெருக்கி வைத்த மேசை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும். அல்லது பாட்டுப் போடப் போகும்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள்.

படி 4: அளந்து பாருங்கள்: ஊசல் பயிற்சி

இந்தப் படியைப் படித்து மட்டும் கடக்காதீர்கள். கையால் செய்துதான் புரியும்.

ஊகம்: “கனமான குண்டு கட்டிய ஊசல் வேகமாக ஆடும்.” பெரும்பாலானவர்களின் முதல் எண்ணம் இதுவே. பொய்க்கும் இடம்: கனம் மாறியும் அலைவு நேரம் (ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம்) மாறாவிட்டால் ஊகம் தவறு.

இரண்டு பாட்டில்களில் ஒன்றில் தண்ணீரும் இன்னொன்றில் உலர்ந்த மணலும் நிரப்புங்கள். இரண்டும் முழுவதும் நிரம்ப வேண்டும். பாதி நிரப்பினால் எடையின் மையம் கீழே இறங்கி, ஊசலின் நீளம் உங்களுக்குத் தெரியாமலே கூடிவிடும். நூலின் மேல்முனையை ஆணியில் சுற்றாதீர்கள். ஆட ஆடச் சுற்று தளர்ந்து நீளம் மாறும். இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே நூலை வைத்து இறுக்குங்கள். பிடியிலிருந்து பாட்டிலின் நடுப்பகுதி வரை சரியாக 25 செ.மீ. இருக்கட்டும். முடிச்சு வரை அளந்துவிட்டு, சின்னக் குண்டையும் பெரிய குண்டையும் மாற்றி மாற்றிக் கட்டுவது மிகவும் பரவலான பிழை. பெரிய குண்டின் மையம் 1.5 செ.மீ. கீழே போனால் அலைவு நேரம் ஏறத்தாழ 3 சதவீதம் கூடும். கனத்தால் வந்த வேறுபாடு என்று நீங்கள் எழுதி வைப்பீர்கள்; உண்மையில் வந்தது நீளத்தால்.

பாட்டிலைப் பக்கவாட்டில் 4 செ.மீ. மட்டும் இழுங்கள், அதாவது சுமார் 10 பாகை. தள்ளாமல் விடுங்கள். 30 பாகைக்கு இழுத்தால் அலைவு நேரம் 1.7 சதவீதமும், 60 பாகைக்கு இழுத்தால் 7 சதவீதமும் கூடிவிடும். குண்டு வட்டமடிக்கத் தொடங்கினால் நிறுத்தி மறுபடி விடுங்கள்.

பின்னால் ஒரு தாளில் செங்குத்தாகக் கோடு போட்டு, குண்டு அந்த நடுக்கோட்டைக் கடக்கும்போது நேரத்தைத் தொடங்குங்கள். கடைசி முனையில் குண்டு தயங்கி நிற்பதால் அது எப்போது திரும்புகிறது என்று கண் தடுமாறும். நடுவில் மிக வேகமாகப் போவதால் கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும். அதே திசையில் மறுபடி கோட்டைக் கடந்தால் ஓர் அலைவு.

ஓர் அலைவை அளக்காதீர்கள், 20 அலைவுகளை அளங்கள். கண் பார்த்துக் கை அழுத்துவதற்குள் சுமார் 0.2 நொடி போய்விடும். 25 செ.மீ. ஊசலின் ஓர் அலைவு ஏறக்குறைய 1 நொடிதான் என்பதால், தனியாக அளந்தால் பிழை 20 சதவீதம் வரை போகலாம். அதே 0.2 நொடி 20 அலைவுகளில் பரவினால் 1 சதவீதமாகச் சுருங்கிவிடும். விலையுயர்ந்த கருவி இல்லாமலே துல்லியத்தை 20 மடங்கு உயர்த்தும் இந்த உத்தி மிகவும் பழையது, இன்றும் பயன்படுவது. எண்ணும்போது தொடங்கும் கணத்தில் “சுழி” என்று சொல்லுங்கள். “ஒன்று” என்று தொடங்கினால் 19 அலைவுகளையே 20 என்று எழுதுவீர்கள்.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஐந்து முறை. முதலில் தண்ணீருக்கு ஐந்து, பிறகு மணலுக்கு ஐந்து என்று செய்யாமல் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்; போகப் போக நூல் நீளும், உங்கள் கையும் பழகும், அந்த மாற்றங்கள் ஒரு பக்கமாகச் சேரக் கூடாது. எண்களைப் பேனாவால் எழுதுங்கள். தவறினால் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். அழிக்க வேண்டாம்.

படி 5: எண்களைப் படியுங்கள்

தண்ணீர்ப் பாட்டிலுக்கு 20.1, 19.9, 20.2, 20.0, 20.1 நொடிகளும், மணல் பாட்டிலுக்கு 20.0, 20.2, 20.1, 19.9, 20.2 நொடிகளும் வந்தன என்று வைத்துக்கொள்வோம். சராசரிகள் 20.06, 20.08. வேறுபாடு 0.02 நொடி. ஆனால் ஒரே பாட்டிலின் அளவீடுகளுக்குள்ளேயே 0.3 நொடி ஏற்ற இறக்கம் இருக்கிறது. ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடும் வேறுபாட்டை வேறுபாடு என்று சொல்ல உரிமையில்லை. எழுத வேண்டிய வாக்கியம்: “இந்த அளவீட்டின் துல்லியத்துக்குள், கனத்தால் மாற்றம் தென்படவில்லை.” “கனத்தால் மாற்றமே இல்லை” என்பது நீங்கள் அளந்ததைவிடப் பெரிய கூற்று.

இடையில் ஓர் அளவீடு 19.1 என்று வந்தால்? மற்றவற்றிலிருந்து அது ஏறத்தாழ சரியாக 1 நொடி விலகியிருக்கிறது. ஓர் அலைவின் நேரமும் 1 நொடி. எண்ணிக்கையில் ஒன்று தவறியிருக்கும் என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது. அதை எழுதி வைத்து, அளவீட்டை மறுபடி எடுங்கள். பிடிக்கவில்லை என்பதற்காக ஒதுக்குவது வேறு, காரணத்தோடு ஒதுக்குவது வேறு.

இப்போது நீளத்தை 100 செ.மீ. ஆக்கி 20 அலைவுகளை அளங்கள். 40 நொடிகளை ஒட்டி வரும். நீளம் 4 மடங்கு, நேரம் 2 மடங்கு. 50 செ.மீ.-க்கு 28.4 நொடிகள் வர வேண்டும். அலைவு நேரத்தை வர்க்கப்படுத்தி, நீளத்துக்கு எதிராக வரைபடம் போட்டால் புள்ளிகள் நேர்க்கோட்டில் விழும். கனம் என்று தொடங்கிய ஊகம் தோற்றுப்போய், அந்தத் தோல்வியிலிருந்து நீளத்தைப் பற்றிய ஒரு விதி கையில் கிடைக்கிறது.

எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது தற்செயல் நம்மை எளிதில் ஏமாற்றும். ஒரு நாணயத்தை 20 முறை சுண்டினால் சரியாக 10 தலை விழும் வாய்ப்பு 17.6 சதவீதம் மட்டுமே. 13 தலை விழுந்தால் நாணயம் கோணல் என்று சொல்லிவிட முடியாது. பத்து விதையில் ஏழு முளைத்ததா எட்டு முளைத்ததா என்பதை வைத்து உரத்தைப் புகழ்வதும் அப்படித்தான்.

இரண்டு அளவுகள் சேர்ந்தே ஏறுவதாலும் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. செருப்பின் அளவு பெரிதாக உள்ள குழந்தைகள் நன்றாக வாசிக்கிறார்கள். இரண்டையும் ஏற்றுவது வயது. அந்த மூன்றாவது காரணியைத் தேடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 6: உங்கள் கண்ணையே கட்டுங்கள்

நேர்மையான, தேர்ந்த ஆய்வாளரும் தான் எதிர்பார்ப்பதைக் காண்பார். 1903-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ரெனே புளோண்ட்லோ புதுக் கதிர்களைக் கண்டதாக அறிவித்து, அவற்றுக்கு ‘என்-கதிர்கள்’ என்று பெயரிட்டார். மங்கலான ஒளியின் சிறு ஏற்ற இறக்கத்தை இருட்டறையில் கண்ணால் பார்த்தே அளந்தார். வேறு சிலரும் பார்த்ததாக எழுதினார்கள். 1904-இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அந்த ஆய்வகத்துக்குச் சென்று, சோதனை நடக்கும்போதே இருட்டில் யாருக்கும் தெரியாமல் கருவியில் அந்தக் கதிர்களைப் பிரித்துக் காட்ட வேண்டிய பட்டகத்தை எடுத்துவிட்டார். அளவீடுகள் மாறவில்லை. என்-கதிர்கள் என்று எதுவும் இல்லை. புளோண்ட்லோ பொய் சொல்லவில்லை. அவருடைய முறைதான் அவரைக் காப்பாற்றவில்லை.

ஊசலிலும் இதைச் செய்யலாம். பாட்டில்களைக் காகிதத்தால் சுற்றி ஒருவர் மாட்டட்டும். எது தண்ணீர், எது மணல் என்று தெரியாத இன்னொருவர் நேரம் பார்க்கட்டும். ஐந்து நிமிடக் கூடுதல் வேலைதான்.

படி 7: கணிப்பு பொய்த்தால்

முதலில் உங்கள் ஏற்பாட்டைச் சந்தேகியுங்கள். 2011-இல் ஓபரா என்ற ஆய்வுக்குழு, ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கி.மீ. தொலைவில் இத்தாலியின் கிரான் சாசோவுக்குப் போன நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாக அறிவித்தது. குழுவினர் வெற்றி முழக்கம் செய்யவில்லை. எங்கே பிழை என்று கண்டுபிடிக்க உதவுங்கள் என்றே கேட்டார்கள். சரியாகப் பொருத்தப்படாத ஒளியிழை வடம் ஒன்று முக்கியக் காரணமாகப் பின்னர் தெரியவந்தது.

ஏற்பாடு சரி என்று உறுதியான பிறகு ஊகத்தைத் திருத்தலாம். அந்தத் திருத்தமும் சோதனைக்கு உட்பட வேண்டும். யுரேனஸ் கணக்கிட்ட பாதையில் போகவில்லை. நியூட்டனின் விதி தவறு என்று கைவிடாமல், தெரியாத ஒரு கோள் இழுக்கிறது என்று கருதி அது இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார் பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே. 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் வானியலாளர் யோகான் காலே அங்கே தொலைநோக்கியைத் திருப்பினார். கணித்த இடத்திலிருந்து 1 பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. புதன் கோளின் பாதையிலும் ஒரு விலகல் இருந்தது. 1859-இல் லெ வெரியே அதே வழியில் இன்னொரு கோளைக் கணித்தார். வல்கன் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. பல ஆண்டுகள் தேடியும் அது கிடைக்கவில்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (விகலை என்பது 1 பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) என்ற அந்தச் சிறு விலகலை 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு விளக்கியது. ஒரே ஆள், ஒரே யோசனை. ஒருமுறை பலித்தது, ஒருமுறை பலிக்கவில்லை. இரண்டு முறையும் “இங்கே பாருங்கள்” என்று இடத்தைச் சொன்னதால்தான் பலித்ததா இல்லையா என்று தெரிந்தது.

சொற்களில் வரும் குழப்பம்

“இது வெறும் தியரிதானே” என்ற பேச்சைத் திருத்திக்கொள்வது நல்லது. விதி என்பது என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாக, பெரும்பாலும் சமன்பாடாகச் சொல்வது. கோட்பாடு என்பது ஏன் நடக்கிறது என்று பல சான்றுகளைக் கோத்து விளக்குவது. வெப்பநிலை மாறாதபோது வாயுவின் அழுத்தம் இரட்டிப்பானால் கனஅளவு பாதியாகும் என்பது 1662-இல் வெளியான பாயில் விதி. மூலக்கூறுகள் சுவரில் மோதுவதே அழுத்தம் என்பது வாயுக்களின் இயக்கக் கோட்பாடு. கோட்பாடு வளர்ந்து விதியாகப் பதவி உயர்வு பெறுவதில்லை.

விதிகளுக்கும் எல்லை உண்டு. ஓமின் விதி உலோகக் கம்பிக்குப் பொருந்தும், எல்.இ.டி.-க்குப் பொருந்தாது. ஒரு விதியைப் படிக்கும்போதே அது எங்கே செல்லாது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

தமிழில் துறைப் பெயர்களும் புதியவர்களைக் குழப்பும். பௌதிகம், இயற்பியல் இரண்டும் ஒன்று. இரசாயனம், வேதியியல் இரண்டும் ஒன்று. வானியல் விண்பொருள்களைப் பற்றியது, வானிலையியல் மழையையும் காற்றையும் பற்றியது. பாறைகளை ஆராய்வது நிலவியல். புவியியல் அதைவிட அகன்றது, மக்கள் வாழிடங்களையும் சேர்த்துப் பார்ப்பது.

துறைகள்: எங்கே எப்படித் தவறு தெரியவரும்?

துறைகளை வழக்கமாக ஆராயும் பொருளை வைத்துப் பிரிப்பார்கள்: உயிரற்றவை, உயிருள்ளவை, சமூகம் என்று. தொடங்குபவருக்கு அதைவிடப் பயன்படும் பிரிவு, சான்று எப்படிக் கிடைக்கிறது என்பது.

கணிதமும் தருக்கமும் தனி நிலம். அங்கே அளவீடு செல்லாது, நிறுவல் வேண்டும். n²+n+41 என்பதில் n-க்கு 0, 1, 2 என்று போட்டுக்கொண்டே போங்கள். 39 வரை ஒவ்வொரு முறையும் பகா எண்ணே வரும். 40-இல் 1681 வரும்; அது 41-இன் வர்க்கம். நாற்பது சாட்சிகளும் ஒன்றும் இல்லாமல் போயின. 1742-இல் எழுந்த கோல்ட்பாக் ஊகம், 2-ஐவிடப் பெரிய எந்த இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை என்கிறது. கணினியால் 4×10¹⁸ வரை சரிபார்த்துவிட்டார்கள். கணிதத்தில் அது இன்னும் ஊகம்தான். வேறு எந்த அறிவியலும் இத்தனை சாட்சியம் கிடைத்தால் எப்போதோ ஏற்றுக்கொண்டிருக்கும்.

இயற்பியலிலும் வேதியியலிலும் பெரும்பாலும் பொருளைக் கைக்குள் கொண்டுவந்து ஒன்றை மட்டும் மாற்ற முடியும். ஊசல் பயிற்சி இந்த வகை.

வானியலில் விண்மீனைத் திருப்பி வைத்துப் பார்க்க முடியாது. அதனால் முன்கணிப்புதான் சோதனை: இந்த நாளில், இந்த இடத்தில், இது தெரியும். நெப்டியூனும் வல்கனும் அதற்கு உதாரணங்கள். சோதிடமும் விண்பொருள்களைப் பேசுகிறது. ஆனால் எது நடந்தால் தன் கூற்று தவறு என்று அது முன்கூட்டிச் சொல்வதில்லை. கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் இரண்டுக்கும் உள்ள கோடு அங்கேதான் விழுகிறது.

நிலவியலும் தொல்லுயிரியலும் நடந்து முடிந்ததை ஆராய்பவை. நடந்து முடிந்ததை எப்படிச் சோதிப்பது என்று பலர் கேட்பார்கள். இன்னும் யாரும் பார்க்காத சான்று எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிட்டுத் தோண்டலாம். மீன்களிலிருந்து நிலத்தில் வாழும் நான்கு கால் விலங்குகள் வந்தன என்றால், இடைப்பட்ட உயிரி ஏறக்குறைய 37.5 கோடி ஆண்டு பழைய ஆற்றுப் படிவுப் பாறைகளில் இருக்க வேண்டும் என்று தொல்லுயிரியலாளர் நீல் ஷூபினின் குழு கணித்தது. கனடாவின் வட துருவப் பகுதியில் எல்ஸ்மியர் தீவில் அந்த வயதுடைய பாறைகளைத் தேர்ந்து, பல கோடைக் காலங்கள் தேடி, 2004-இல் டிக்டாலிக் என்ற உயிரியின் புதைபடிவத்தைக் கண்டெடுத்தது. செதிலும் துடுப்பும் மீனுக்குரியவை. கழுத்தும் துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும் நில விலங்கை நினைவூட்டுபவை.

உயிரியலில் தொல்லை வேறு: ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. எலக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றே. பட்டாணிச் செடிகள் அப்படியல்ல. எண்ணிக்கையைப் பெருக்குவதுதான் வழி. 1866-இல் வெளியான மெண்டலின் ஆய்வில், இரண்டாம் தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் இருந்தன, விகிதம் 2.96-க்கு 1. பத்து விதையோடு நிறுத்தியிருந்தால் மூன்றுக்கு ஒன்று என்ற ஒழுங்கு தற்செயலுக்குள் மறைந்துபோயிருக்கும்.

மருத்துவத்தில் இந்த வேறுபாட்டோடு நம்பிக்கையும் சேர்கிறது. மருந்து சாப்பிட்டோம் என்ற எண்ணமே சிலருக்கு நோவைக் குறைக்கும். பல நோய்கள் தாமாகவே ஆறும். எனவே யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, முடிந்தால் நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் நடத்துவார்கள். 1948-இல் பிரிட்டனில் வெளியான காசநோய் ஆய்வு குலுக்கல் முறைக்கு முன்னோடி. ஸ்டிரெப்டோமைசின் என்ற மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் 4 பேர் இறந்தார்கள்; படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். “எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் குணமானது” என்ற பேச்சில் இல்லாதது இந்த 52 பேர்தான்.

சமூக அறிவியல்களில் ஆராயப்படுபவரே ஆராய்ச்சியைக் கவனிக்கிறார். கேள்வியின் சொல்லமைப்பு மாறினால் விடை மாறும். யாரைக் கேட்கிறோம் என்பதும் பெரிய சிக்கல். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் நடத்திய கருத்துக்கணிப்புக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகள் வந்தன. லாண்டன் வெல்வார் என்று இதழ் கணித்தது. ரூஸ்வெல்ட் பெருவெற்றி பெற்றார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசி, கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்து எடுத்தவை. விடை அனுப்பியவர்களும் தாமாக முன்வந்தவர்கள் மட்டுமே. கோணலான மாதிரியைப் பெரிதாக்கினால் கோணல் நிமிராது.

பொறியியல், வேளாண் அறிவியல் போன்ற பயன்பாட்டுத் துறைகளும் இவற்றையே கலந்து எடுத்துக்கொள்கின்றன. உயிர்வேதியியல், வானியற்பியல் என்று எல்லைகளில் பிறந்த துறைகள் ஏராளம்.

முதல் மாதத்துக்கான பயிற்சி

முதல் வாரம் ஊசல். ஏழு படிகளையும் விடாமல் செய்யுங்கள். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் விதைகள்: 50 விதைகள் ஈரத்துணியில் வெளிச்சத்திலும், 50 விதைகள் அதே துணியில் இருட்டிலும். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் வைத்த தட்டு சூடாகும், ஈரமும் சீக்கிரம் வற்றும். ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் எண்ணுங்கள். “முளைத்தது” என்பதற்கு வேர் 2 மி.மீ. வெளிவந்திருக்க வேண்டும் என்பது போல ஒரு வரையறையை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

இதற்கு இணையாக, முழுநிலவன்று தொடங்கிப் பத்து நாள்கள் நிலா உதிக்கும் நேரத்தைக் குறியுங்கள். ஒரே இடத்தில் நின்று, கிழக்கில் ஒரே கூரை அல்லது மர உச்சியை அது தாண்டும் நேரத்தை எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். மூன்று நாள் குறிப்புகளை வைத்து நான்காம் நாளின் நேரத்தைக் கணித்து எழுதிய பிறகே வெளியே போங்கள். நிலா உதிக்கும் திசையும் நாளுக்கு நாள் நகர்வதால் அந்த மர உச்சி சில நாள்களில் பயன்படாமல் போகலாம். அப்போது புது அடையாளத்தைத் தேர்ந்து, எந்த நாளிலிருந்து மாற்றினீர்கள் என்பதை ஓரத்தில் எழுதுங்கள். மேகம் மறைத்த நாளின் கட்டத்தைக் காலியாக விட்டு, “மேகம்” என்று மட்டும் குறியுங்கள்.